கிழக்கு பார்த்த ஸ்பீக்கர்

மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அந்தக் காலத்தில் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கோபம் வந்தால் தெருவில் நின்று நாலு வார்த்தை சத்தமாகச் சொல்லிவிடுவான். கேட்பவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள். அறுபதுகளில் திருப்பூருக்கு மாற்றலாகி வந்தபோது இந்தப் பக்கத்து வழக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை. "வாங்க சார், உக்காருங்க, மோர் குடிங்க" என்று உபசரித்து, வேன் வரைக்கும் நடந்து வந்து வழியனுப்பிய பஞ்சாயத்துத் தலைவர், மறுநாள் தபாலில் என் மேலதிகாரிக்குப் புகார் எழுதியிருப்பார். அந்தப் புகாரிலும் என்னை 'அவர்கள்' போட்டுத்தான் எழுதியிருப்பார்.

நான் பார்த்தது பஞ்சாயத்து ரேடியோக்களின் மேற்பார்வை வேலை. அப்போது ஊருக்கு ஊர் ஒரு ரேடியோ அறை இருந்தது. உள்ளே ஒரு வால்வு ரேடியோ, கூரை மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர், முன்னால் ஜனங்கள் உட்கார ஒரு மைதானம். காலையில் செய்தியும் பாட்டும், சாயங்காலம் செய்தியோடு பருத்தி விலை, விவசாய நிகழ்ச்சி, பிறகு பாட்டு. பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கு வெளியுலகம் அந்தக் குழாய் வழியாகத்தான் வந்தது. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக மெக்கானிக் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் முப்பது நாற்பது பஞ்சாயத்துகளுக்குச் சேர்த்து ஒரே ஏற்பாடு. ஒரு வேன், ஒரு டிரைவர், வால்வுகளும் ஒயர்களும் அடுக்கிய ஓர் இரும்பு பீரோ, அப்புறம் நான். அலுவலகம் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறை. நாள் முழுக்க நிட்டிங் மெஷின் சத்தம் கேட்கும். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து வந்து பீரோ மேல் படியும்.

பலருக்கும் பொதுவான ஏற்பாடு என்றாலே சந்தேகம்தான். வேன் ஏன் எப்போதும் பல்லடம் பக்கமே போகிறது என்று பெருமாநல்லூர்ப் பக்கத்தார் கேட்பார்கள். பல்லடம் பக்கத்தார் அதையே திருப்பிக் கேட்பார்கள். ஒரு தலைவர் கையைக் கட்டிக்கொண்டு மிகுந்த பணிவுடன், "புது வால்வை அந்த ஊருக்குப் போட்டுட்டு, அங்கத்தப் பழசை நம்மளுக்குக் கொண்டாந்துட்டீங்களாமா?" என்றார். அவர்கள் என்னை நம்பவில்லை. நானும் அவர்களை நம்பவில்லை. நான் நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஒரு ஊரின் ரேடியோவைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் அரிசி கிடந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய் வந்திருக்கிறது. அதிலிருந்து எல்லாப் பெட்டிகளின் முதுகிலும் அரக்கு வைத்து முத்திரை போட ஆரம்பித்தேன். "சோத்துல கல்லு கெடந்தாக்கூட யாரு போட்டதுன்னுதான் கேப்பீங்க" என்பாள் என் மனைவி. கேட்டிருக்கிறேன்.

பெருமாநல்லூர் தாண்டி, தார் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். மேற்கே தோட்டங்காட்டுக்காரர்களின் பெரிய வீடுகள், நடுவில் தறிக்காரர் வீதி, கிழக்கே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சேரி. ஊரில் அதை 'கிழக்கால வளவு' என்பார்கள். ரேடியோ அறை ஓடைக்கு இந்தப் பக்கம், ஊரின் விளிம்பில் இருந்தது. ஸ்பீக்கர் கிழக்கே பார்த்திருந்தது. நான் முதல் தடவை போனபோதே தலைவர் சொல்லிவிட்டார், "நம்ம ஊட்டுப் பக்கம் மட்டும் திருப்பிப்போடாதீங்க சார், காது கிழியுது." மைதானத்தில் உட்காருகிறவர்களுக்கு எப்படியும் கேட்கும். குழாயின் முழுச் சத்தமும் ஓடையைத் தாண்டி வளவின் கூரைகள் மேல் போய் விழும். வளவுக்காரர்கள் மைதானத்துக்கு வந்து உட்காருவதில்லை. "அவங்களுக்கு அங்கிருந்தே நல்லாக் கேக்குமுங்க" என்றார் தலைவர், தானம் கொடுத்த குரலில்.

ரேடியோவைத் திறந்து பூட்டுகிறவர் தறிக்காரர் வீதியைச் சேர்ந்தவர். நாற்பது வயசிருக்கும், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'ரேடியோக்காரர்'. பஞ்சாயத்து மாதாமாதம் கொடுத்த சொற்பச் சம்பளத்தோடு, பகலில் தறியில் துண்டு நெய்துதான் குடும்பம் ஓடியது. வேளை தவறாமல் தறியை விட்டு எழுந்து வந்து, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் தொடுவார். இவ்வளவு பதவிசாக ஒருவர் இருந்தால் எனக்கு உறுத்தும்.

அந்த ஊர் ரேடியோ அடிக்கடி ஊமையாகிறது என்று புகார் மேல் புகார் வந்தது. விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. எங்களுக்கு முறை வந்து வேன் போய்ச் சேருவதற்குள் அது தானாகச் சரியாகியிருக்கும். முத்திரை உடையாமல் இருக்கும். வால்வுகள் நன்றாக இருக்கும். "நேத்து பொழுதோடத்தான் வந்துச்சுங்க, சத்தம்" என்பார் ரேடியோக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் கூரை மேல் ஏறி ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். குழாயெல்லாம் துரு. பிடிமான ஆணிகளிலும் துரு. ஆனால் ஒயரை மாட்டுகிற இரண்டு திருகுகள் மட்டும் பளபளவென்று இருந்தன. திருப்புளி அடிக்கடி பட்டால்தான் திருகு அப்படி மின்னும். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஸ்பீக்கரைக் கழற்றிச் சீருக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு அனுப்புகிறார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். நான் போட்ட கணக்கு அதுதான்.

கீழே இறங்கியதும் தலைவர் மோர் டம்ளரோடு நின்றார். "அவரை நான் ஒண்ணும் சொல்லலீங்க. நல்ல மனுசன். ஆனா பெட்டி மட்டும் அவர் கையில இருக்கறப்பத்தான் கெடுது. நீங்க பெரியவங்க, விசாரிச்சா உங்களுக்கே தெரிஞ்சுரும். நம்ம மச்சினன் ஒருத்தரு சும்மாத்தான் இருக்கறாரு, அவருக்கு எலெக்ட்ரிக் வேலையும் கொஞ்சம் தெரியுமுங்க" என்றார்.

மச்சினனைப் பற்றிச் சொன்னதும் தலைவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. மச்சினனுக்காக இவரே ஆளை விட்டுக் கழற்றுகிறாரோ? ரேடியோக்காரர் திருடுகிறார், இல்லையென்றால் தலைவர் சூழ்ச்சி செய்கிறார், இல்லையென்றால் இருவரும் கூட்டு. திரும்பும்போது டிரைவரிடம் சொன்னேன். அவர் வேலம்பாளையத்துக்காரர், எதையும் நிதானமாகப் பார்க்கிறவர். "களவாண்டா ஊடு அந்த மாதிரியா இருக்குமுங்க? கூரையில ஓட்டை தெரியுதுங்க சார்" என்றார். இவருக்கு எதற்கு இவ்வளவு பரிவு என்று அவரையும் ஒரு பார்வை பார்த்து வைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் வேனில் போகக் கூடாது. வேன் தார் ரோட்டில் திரும்பும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த ஊர் வரைக்கும் போய்த் திரும்புகிற டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லி வைத்தேன். காலை டிரிப்பில் ரேடியோ பாடவில்லை என்றால் திருப்பூர் வந்ததும் என்னிடம் சொல்ல வேண்டும். எதற்கு என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. ஒரு பருத்தி எடுப்புக் காலத்தில், காலை நேரத்தில், அவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு ஊமைங்க சார்."

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். ரேடியோ அறை பூட்டியிருந்தது. முதலில் கூரையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் இருந்தது. நிஜமாகச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். சுவரைப் பிடித்து ஏறிப் பின்பக்கம் பார்த்தேன். ஒரு ஒயர் மட்டும் திருகிலிருந்து எடுத்து, ஒதுக்கி வளைத்து விடப்பட்டிருந்தது. அதன் முனை எதிலும் பட்டுவிடாதபடி வெள்ளைப் பருத்தி நூல் சுற்றி, இழை அறுந்தால் தறிக்காரர்கள் போடுகிற சின்ன முடிச்சு போட்டிருந்தது. அந்த முடிச்சை வேறு யாரும் போட முடியாது. அறையிலிருந்து பார்த்தால் ரேடியோவில் விளக்கு எரியும், சத்தம் வராது. யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ரிப்பேர் என்று சொன்னால் முடிந்தது.

தறிக்காரர் வீதிக்குப் போய் ஆளைக் கூட்டிவந்தேன். ரேடியோ அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மேல ஒயர்ல நூல் சுத்துனது யாரு?"

"நாந்தானுங்க."

பொய் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்பீக்கரை யாருக்கு வாடகைக்கு விடுறீங்க?" என்றேன்.

"வாடகைங்களா?" என்று விழித்தார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. அதனாலேயே நல்ல நடிப்போ என்று தோன்றியது.

"பின்ன எதுக்குக் கழட்டுனீங்க?"

சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். "கெழக்கால வளவுல எழவுங்க. விடியறப்ப ஒரு பெரியவரு செத்துட்டாருன்னு வீதியில பேசிக்கிட்டாங்க. பொணம் கெடக்கறப்ப அவங்க தலைக்கு மேல பாட்டு வேண்டாமுன்னுட்டு கழட்டி உட்டனுங்க."

"தலைவர்கிட்ட சொல்லி நிறுத்த வேண்டியதுதானே?"

"மேக்கால எழவு உழுந்தா அவரே ஆள் உட்ருவாருங்க, இன்னிக்குத் தெறக்க வேண்டாமுன்னு. அவரோட பெரியம்மா செத்தப்ப மூணு நாளு பூட்டியே கெடந்துச்சு. வளவுல எழவுன்னு நான் ஒருக்கா போயிக் கேட்டனுங்க. 'அதுக்கெல்லாம் நிறுத்துனா அப்பறம் ரேடியோ எதுக்குங்க'ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அன்னிக்குச் செத்தது ஒரு கைக்கொழந்தைங்க. நான் பாட்ட வெச்சனுங்க. கண்ணாலத்துல போடற பாட்டு ஒண்ணு வந்துச்சு. கொழந்தையத் துணியில சுத்தி எடுத்துட்டு அதோட அப்பன் இந்த வழியாத்தான் போனாருங்க. நின்னு ஸ்பீக்கரை ஒருக்கா அண்ணாந்து பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம போயிட்டாருங்க." அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அதுலருந்து அங்க எழவு உழுந்தா நானே ரிப்பேர் ஆக்கிப்போடறனுங்க."

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதை நன்றாக இருந்தால் நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை. "வாங்க, எழவு வீட்டைக் காட்டுங்க" என்று கிளம்பினேன். ஓடை வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். மேலே வரவில்லையா என்றேன். "நாங்க அங்க போறதில்லீங்க" என்றார். இத்தனை நாளாக அவர்களுக்காக ஒயரைக் கழற்றியவர் அந்த வளவுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. ஓடையில் தண்ணீர்கூட இல்லை. நான் மட்டும் இறங்கி ஏறினேன்.

ஓடையை ஒட்டிய முதல் வீடே சாவு வீடுதான். ஆனால் இவ்வளவு அமைதியான சாவு வீட்டை நான் பார்த்ததில்லை. தப்பட்டைச் சத்தம் இல்லை. பெண்கள் வாயில் சேலையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் அவசர அவசரமாகப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று அங்கேயும் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வயசுக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, ரேடியோ ரிப்பேருக்கு வந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"பொழுதோட பாடிருமுங்களா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்கய்யன் விடியறப்ப செத்துட்டாருங்க. அதுலதான் கெட்டுப்போச்சுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எதில் கெட்டது என்று மறுபடி கேட்டேன்.

"எழவுலதானுங்க. வளவுல எழவு உழுந்தா தீட்டு ஒயர்ல ஏறி ரேடியோவ நிறுத்திப்போடுதுன்னு ஊருக்குள்ள சொல்றாங்க. நாங்க மொதல்ல நம்பலீங்க. அப்பறம் பாத்தா ஒவ்வொருக்காவும் அப்படித்தான் நிக்குது. இனி ஒருக்கா நின்னா வளவுல ஒருத்தரும் காட்டு வேலைக்கு வர வேண்டாமுன்னு தலைவரு சொல்லிப்போட்டாருங்க. கோவமாச் சொல்லலீங்க. அதான் தப்பட்டையத் தொடலீங்க. பொம்பளைங்களையும் சத்தம் போட்டு அழுகாதீங்கன்னு சொல்லிட்டம். சுருக்கா எடுத்துட்டா பொழுதோட பாடிருமான்னுதானுங்க..."

அவர் அப்பா நாலு அடி தள்ளிக் கட்டிலில் கிடந்தார். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடும், கட்டாயம் பாடும் என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் பாடைப் பக்கம் ஓடினார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், ரேடியோக்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

ஆனால் ஓடைக்கு ஊர்ப் பக்கம் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது கரையில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "எனக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னார். மைதானத்தில் ஜனங்கள் தீட்டு என்று பேசியது அவர் காதில் விழுந்திருக்கும். ஏதோ வெட்டிப்பேச்சு என்று விட்டிருப்பார். அது வளவில் போய் என்ன செய்தது என்று அவருக்குச் சொல்ல அந்தப் பக்கத்து ஆள் யாரும் அவரிடம் வந்து பேச வழி இல்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஒயர் பழசு, அடிக்கடி விட்டுப்போகிறது, மாற்றிவிட்டேன் என்று நானே தலைவரிடம் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் வெளியே வராது, வேலையும் போகாது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வந்த நான் ஏமாற்ற வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒயருக்கு எழவு தெரியுமுங்களா சார்? எழவன்னிக்கு மட்டும் எப்படி உட்டுப்போச்சுன்னு கேப்பாங்க. தீட்டுலதான் உட்டுப்போச்சும்பாங்க. நாளைக்கே நெசமா ஒரு வால்வு போனாலும் அவங்க தலையிலதான் விடியும்."

இருவரும் ரேடியோ அறைக்குத் திரும்பி நடந்தோம்.

சாயங்காலம் மைதானம் நிறைந்தது. பிணத்தை அதற்கு முன்பே எடுத்துப்போய்விட்டார்கள். நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டுத் தலைவரும் வந்தார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது, மோர் வந்தது. ரேடியோக்காரர் ஒயரை மாட்டியிருந்தார். ரேடியோ பாடியது. "பாத்தீங்களா சார், பொணம் போச்சு, சத்தம் வந்துருச்சு" என்றார் தலைவர். கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒயர் வழியாகக் கரண்ட்தான் போகும், தீட்டுப் போகாது, பெட்டியில் ஒரு பழுதும் இல்லை என்று எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். தலைவர் சிரித்தார். "நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரிதானுங்க. ஆனா நாங்க கண்ணால பாக்கறமுங்களே."

அப்போதுதான் ரேடியோக்காரர் கூரை மேல் ஏறினார். விவசாய நிகழ்ச்சியில் யாரோ பேசிக்கொண்டிருந்த குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அவர் ஒயரை விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மறுபடி திருகில் வைத்தார். குரல் வந்தது. எடுத்தார், நின்றது. வைத்தார், வந்தது.

"இப்ப எங்கயும் எழவு இல்லீங்க. நான் கழட்டுனா நிக்குது, மாட்டுனா பாடுது" என்றார் மேலேயிருந்து. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "இத்தன நாளும் கழட்டுனது நாந்தானுங்க. வளவுக்காரங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"எதுக்குங்க கழட்டுனீங்க?" என்றார் தலைவர். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"உங்க பெரியம்மாவுக்கு நிறுத்துனமில்லீங்களா. அதே மாதிரிதானுங்க."

மைதானத்தில் யாரும் அசையவில்லை. ரேடியோவில் இருந்தவர் மட்டும் பருத்தி விதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரேடியோக்காரர் இறங்கி வரும் வரைக்கும் தலைவர் காத்திருந்தார். பிறகு பக்கத்தில் போய், தோளில் கை வைக்கிற மாதிரி நின்று சொன்னார். "உங்களுக்கு நல்ல மனசுங்க. சாவியக் குடுத்துப்போட்டுப் போங்க."

நான் குறுக்கே போனேன். அவர் எதையும் திருடவில்லை, பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை, அவரை வேலையை விட்டு எடுக்கக் காரணமே இல்லை என்றேன். "திருடுனாருன்னு ஆருங்க சார் சொன்னாங்க?" என்று தலைவர் ஆச்சரியப்பட்டார். "பெட்டி உங்களுது, நீங்க சொல்றபடி வெச்சுக்கறம். ஆள் பஞ்சாயத்தோடதுங்க. நீங்க மோரைக் குடிங்க." அவர் சொன்னது சட்டப்படி சரி. முப்பது நாற்பது ஊர் ரேடியோவுக்கு நான் மேற்பார்வை, ஒரு ஊரிலும் ஒரு ஆளை வைக்கவோ எடுக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது. மோரைத் தொடாமல் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன். மேலிடத்துக்கும் எழுதிப் பார்த்தேன். அது பஞ்சாயத்தின் உள்விவகாரம் என்றுதான் பதில் வந்தது.

மறுநாள் வளவு ஜனங்களை வழக்கம்போல் பருத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். எடுப்புக் காலத்தில் கூப்பிடாமல் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம். ரேடியோ அறைக்கு மச்சினன் வந்தார். எனக்கு அந்த மச்சினன் மேல் கடைசி வரைக்கும் சந்தேகம்தான். ஆனால் அவர் வேளை தவறாமல் ரேடியோவைத் திறந்தார், ஒரு நாளும் அது ஊமையாகவில்லை.

சில மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் இருந்த டீக்கடையில் பழைய ரேடியோக்காரரைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்கு வந்திருந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. வேலை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லீங்க என்றார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வளவுக்காரங்கள வேலைக்குக் கூப்பிடறாங்களா சார்?" கூப்பிடுகிறார்கள் என்றேன். டம்ளரை வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த ஊருக்கு மறுபடி முறை வந்தபோது வேனில் போனேன். காலை நேரம், ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. வேனை நிறுத்தி இறங்கிய பிறகுதான் அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. வளவில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாய்விட்டு அழுகிற சத்தமும் கேட்டது. மச்சினன் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் நிறுத்தலாமே என்று அவரிடம் சொன்னேன். "மாமாவக் கேக்காம நிறுத்தக் கூடாதுங்க சார்" என்றார் அவர், எழுந்து நின்று, பணிவாக.

வேனைப் பார்த்து யாரோ ஓடையைத் தாண்டி வந்தார்கள். அன்றைக்கு அப்பாவை இழந்த அதே மனிதர். கண் சிவந்திருந்தது, தாடி வளர்ந்திருந்தது. இறந்தது யார் என்று கேட்டேன். "எங்காத்தாங்க" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. ஸ்பீக்கரைக் கையால் காட்டினார்.

"பாடுதுங்க சாமி. விடியறதுக்கு முந்தியே ஆத்தா போயிருச்சு, காத்தால இருந்து இது நிக்காம பாடிட்டே இருக்குதுங்க. எங்க மேல இனி பழி ஒண்ணும் இல்லீங்க."

அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். எதையும் இரண்டு தடவை பார்க்கிற நான் அதையும் இரண்டு தடவை பார்த்தேன், சந்தோஷம்தான். எடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் ஓடையில் இறங்கினார். என் தலைக்கு மேல் செய்தி முடிந்து ஒரு ஜோடிப் பாட்டு ஆரம்பித்தது. அவர் தன் தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வளவைத் தாண்டும் வரைக்கும் அது பாடியது.